விண்ணப்பத்தின் பின்பக்கம்

வங்காளத்தில், எங்கள் பெஹாலா வீட்டில் பாத்திரம் துலக்கும் மாஷி, பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் பணத்துக்கான விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்து, நிரப்பித் தரச் சொன்னார். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நடக்கும் முகாம்தான் கடைசி. மூன்று நாளாக அதைப் பையிலேயே வைத்திருந்தேன். மறதி அல்ல, பொறாமை. அந்த மாதம் என் சம்பளத்தில் வரி அதிகம் பிடித்திருந்தார்கள். அதோடு, மாஷியின் மகளுக்குப் பள்ளியில் இலவச சைக்கிள் வந்திருந்தது. அந்த வயதில் நான் அழுதும் கிடைக்காத சைக்கிள்.

"எழுதிட்டியாடி?" என்றாள் அம்மா.

"எழுதறேன்."

"அவளுக்கு வர்றது உனக்கு வயிறு எரியுது. மூஞ்சியிலயே தெரியுது."

மென்பொருள் சோதிப்பது என் வேலை. பட்டியல் போடாமல் எனக்கு எதுவும் விளங்காது. வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தை நிரப்பி முடித்ததும், அதன் பின்பக்கத்திலேயே பென்சிலால் தமிழில் எழுதினேன். இங்கே யார் படிக்கப்போகிறார்கள்? அரசு மாஷிக்குத் தந்தது: ரேஷன் அரிசி, சைக்கிள், இனி இந்தப் பணம். எனக்கு: அப்பாவின் துறைமுகக் குவார்ட்டர்ஸ், இலவச வைத்தியம், மத்திய அரசுப் பள்ளி, சொற்பக் கட்டணத்தில் பொறியியல் படிப்பு... தாளின் அடிவரை போனது. வரி? சோப்பிலும் செருப்பிலும் மாஷியும் கட்டுகிறார். அப்படியும் மனம் ஆறவில்லை. 'சைக்கிள்' என்பதன் கீழே அழுத்தி இரண்டு கோடு போட்டேன்.

அழிக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் நானும் மாஷியோடு முகாமுக்குப் போனேன். ஊழியர் தாளைத் திருப்பினார். "இது என்ன? கிறுக்கல் இருந்தா வாங்க மாட்டோம். வேற ஃபாரமும் தீர்ந்துபோச்சு."

மாஷியின் முகம் வெளுத்தது. உடன் வந்திருந்த மகள் சட்டென்று பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினாள். நான் அடியிலிருந்து வரிவரியாகத் தேய்க்கத் தொடங்கினேன்.

"என்ன எழுதின, மாமோனி?" என்றார் மாஷி, வங்காள மொழியில், செல்லமாக.

"யாருக்கு என்ன கிடைச்சுதுன்னு."

"எது என்னுது?"

மேலே இருந்த ஒற்றை வரியைக் காட்டினேன்.

"இவ்வளவுதானா? இதைப் போய் எண்ணினியா!" சிரித்துவிட்டார்.

கோடுகள் மட்டும் முழுதாக அழியவில்லை. ஊழியர் அலுத்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

வாசலில் மாஷியின் மகள் தன் சைக்கிளை என் பக்கம் சாய்த்தாள். "தீதி, ஒரு ரவுண்டு போறியா?"

எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.