மந்திரவாதி எப்போது தூங்கலாம்

காலை பதினொன்று இருபதுக்குப் போன் வந்தபோது, பல்செட்டுக்காரர் தன் பட்டறையில் யாரோ ஒருவருக்காகச் செய்த மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டிருந்தார். பேசியது அக்கா. "அத்தான் போயிட்டார்டா" என்றாள். எங்கே என்று கேட்க வாயெடுத்தவர், அவள் குரலைக் கேட்டு நிறுத்திக்கொண்டார்.

அத்தான் எக்ஸ்ரே எடுப்பவர். மாரடைப்பு எக்ஸ்ரே அறையிலேயே வந்துவிட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று நோயாளியிடம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றவர், "விடுங்க" என்று சொல்லவில்லை. நோயாளி சொல்பேச்சுக் கேட்கிற மனுஷர். முகம் சிவக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாராம்.

இருபத்தாறு வருஷ சர்வீஸில் அத்தானைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. நிறை சொன்னதாகவும் நினைவில்லை. அவருடைய உண்மையான உத்தியோகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுச் சாப்பாட்டு மேசையில். கட்டம் போட்ட தாளை விரித்து, பகடை உருட்டி, வாயாலேயே கதை நடத்துகிற விளையாட்டு அது. அத்தான்தான் கதைசொல்லி, நடுவரும் அவரே. இருண்ட குகை, உள்ளே பூதம் என்று அவர் ஆரம்பிப்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். பல்செட்டுக்காரர் வாள்வீரன். அத்தானோடு கல்லூரியில் படித்த இன்சூரன்ஸ்காரர் மந்திரவாதி. ஒன்பது வருஷமாக வேடம் மாறவில்லை. பகடை உருள்வதற்கு முன்னால் அத்தான் ஒவ்வொரு முறையும் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார். தொழில் தோஷம்.

ஆரம்பத்தில் வாள்வீரன்தான் ராஜா. மந்திரவாதி ஒரு தீப்பொறியை விட்டுவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் பதுங்குவார். ஆனால் இந்த விளையாட்டில் அனுபவம் கூடக்கூடப் பதவி உயர்வு உண்டு. வாள்வீரனுக்கு வந்த உயர்வு, ஒரு வெட்டுக்குப் பதிலாக இரண்டு வெட்டு. அதே காலத்தில் மந்திரவாதி பறக்கவும், மறையவும், பூட்டை முறைத்தே திறக்கவும், ஒரு படையைச் சாம்பலாக்கவும் கற்றுக்கொண்டார்.

போன வருஷம் ஒரு குகை வாசலில் வாள்வீரன் வாளை உருவுவதற்குள் பூதம் கரிக்கட்டையாகிவிட்டது.

"நீ போய் அது செத்துடுச்சான்னு குத்திப் பாரு மாப்ள" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

அதற்கும் பகடை உருட்ட வேண்டும் என்றார்கள். பல்செட்டுக்காரர் உருட்டினார். குறி தவறிவிட்டது.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஐம்பதை நெருங்குகிற மனிதருக்கு இது ஒரு மனக்குறையா என்பார்கள். வாரம் முழுக்க அவர் செய்கிற பல்லை டாக்டர் மாட்டுவார். நோயாளி கண்ணாடியைப் பார்த்துவிட்டு டாக்டருக்கு நன்றி சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது, 'இவனால்தான் எல்லாரும் உயிரோடு திரும்பினோம்' என்று யாராவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அத்தானுக்கு இது தெரியும். விதிகளைத் திருத்தி ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். பதினாறு திருத்தங்கள். முதலாவதில் வாளிலிருந்து நெருப்பு கிளம்பியது. ஐந்தாவதில் வாள்வீரன் சுவரை ஊடுருவினான்.

"இப்ப நானும் மந்திரவாதிதான் அத்தான். கையில ஒரு இரும்பு அதிகம், அவ்வளவுதான்."

"அப்ப என்னதான்டா வேணும் உனக்கு?"

"வாளாலயே உருப்படியா ஒண்ணு செய்யணும்."

மந்திரவாதியின் பலத்தைக் குறைக்கிற திருத்தங்களை இன்சூரன்ஸ்காரர் பாலிசிப் பத்திரம் போல வரிவரியாகப் படித்து ஓட்டை கண்டுபிடிப்பார். ஊருக்கெல்லாம் எந்தெந்த நோய்க்குக் காப்பீடு கிடையாது என்று விளக்கியே வளர்ந்தவர். அவரிடம் ஒரு எக்ஸ்ரேக்காரர் எழுதிய சட்டம் எம்மாத்திரம்?

அத்தான் விடவில்லை. மதிய இடைவேளையில் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளுக்கும் மந்திரத்துக்கும் ஒரே பூதத்தைக் கொடுத்து, யார் முதலில் வீழ்த்துகிறார்கள் என்று தனியாக உருட்டிப் பார்ப்பார். ஒரு திருத்தத்துக்கு நூறு சண்டை. ஃபிலிம் உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணுவார். ஒருமுறை அந்த உறை கைமாறிப் போய், நோயாளியின் விலா எலும்புக்கும் அந்தக் கோடுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு டாக்டர் அரைமணி நேரம் யோசித்திருக்கிறார். எத்தனை உறை தீர்ந்தாலும் மந்திரமே ஜெயித்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் அக்கா. அவள் அந்த விளையாட்டை ஒருநாளும் ஆடியதில்லை. ஒன்பது வருஷமாகப் பக்கத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறாள்.

"ஏங்க, ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் இவங்கல்லாம் ஏன் தூங்கறாங்க?"

"தூங்கி எழுந்தாத்தான் மந்திரம் திரும்ப வரும். அவனுக்கு ஒரு நாளைக்கு இத்தனைன்னு கணக்கு."

"கத்திக்காரனுக்கு?"

"அவனுக்குக் கணக்கில்ல. வெட்டிக்கிட்டே இருக்கலாம்."

"ஒரு தட்டு கழுவிட்டுப் போய்ப் படுத்துக்கலாம்னா நானும் மந்திரவாதிதான்" என்றாள் அக்கா.

அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. குகைக்குள் ஒரு பூதத்தைக் கொன்றுவிட்டு, மந்திரவாதி கொட்டாவி விட்டார் என்பதற்காக எல்லாரும் பாய் விரித்ததை அவர் ஒன்பது வருஷமாக அனுமதித்திருக்கிறார். அடுத்த பூதங்களும் மரியாதையாக வெளியே காத்திருந்திருக்கின்றன. களைக்காமல் வெட்டுவதுதான் வாள்வீரனின் பலம். அங்கே யாரும் களைக்கவே இல்லை.

பதினேழாவது திருத்தம் ஒரே வரி: ஒரு பகலில் ஆறு சண்டை முடிந்த பிறகே தூக்கம்.

"மனுஷனைத் தூங்க விடாம அடிக்கறதுக்குப் பேர் நியாயமாடா?" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"நியாயமா இல்லையான்னு உருட்டிப் பார்த்துடறேன்."

"நூறு பகல் உருட்டு. அதுல ஐம்பத்தொண்ணு வாளுக்கு வந்தா ஒத்துக்கறேன். ஆனா நடுவர்தான் உருட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக அத்தான் வாக்குக் கொடுத்தார். போன் வந்தது வியாழக்கிழமை.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய பொருட்களை ஒரு பையில் போட்டு அனுப்பினார்கள். மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, பகடைகள், ஒரு ஃபிலிம் உறை. அதே சாப்பாட்டு மேசையில் இன்சூரன்ஸ்காரரும் இருந்தார். உறையைப் பல்செட்டுக்காரர் அவர் பக்கம் நகர்த்தினார்.

"வாள் முன்னால இருக்கு. பாருங்க."

இன்சூரன்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். பழக்கதோஷம், இரண்டு முறை எண்ணினார்.

"நூறு முடியலியே மாப்ள. செல்லாது."

"மிச்சத்த நீங்களே உருட்டுங்க."

"நடுவர் உருட்டணும்னு பேச்சு" என்றார். சட்டத்தில் ஓட்டை எதுவும் அகப்படாத முதல் சந்தர்ப்பம் அது.

அக்கா குழாயை மூடிவிட்டு ஈரக்கையோடு வந்து நின்றாள். "யாரு ஜெயிச்சாங்க?" என்று கேட்டாள்.

பல்செட்டுக்காரர் உறையைத் தன் பக்கம் இழுத்து மறுபடி எண்ணினார். வாள் முப்பத்திரண்டு, மந்திரம் இருபத்தொன்பது. அறுபத்திரண்டாவது பகலுக்கு எண் மட்டும் எழுதியிருந்தது, கோடு போடவில்லை.