உரசிக்கொண்ட கம்பிகள்

இதயம் பலவீனமாக இருக்கிறது, இனிக் கப்பலேறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அத்தான் தூத்துக்குடி வீட்டோடு இருந்துவிட்டார். என் அக்காவின் கணவர்; கப்பலில் வேலை பார்த்தவர். எழுபதுகளின் நடுவில் நான் உப்பு வியாபாரி ஒருவரிடம் குமாஸ்தா. அக்கா வீட்டில்தான் சாப்பாடு.

கடைசிப் பயணத்தில் அவர் ஜப்பானில் வாங்கி வந்த ஒரு பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. ரேடியோவால் இயக்கும் சிறிய விமானம். ஒருநாள் அதை வெளியே இழுத்து, உள்ளிருந்த துண்டுகளை ஒட்டிச் சேர்க்க ஆரம்பித்தார். அவர் எதையாவது செய்வதைப் பார்த்தே வெகுநாளாகியிருந்ததால் நானும் கூட உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் காய்ந்த உப்பளத் தரையில் வைத்துச் சோதித்தோம். எஞ்சின் ஓடாதபோது, அத்தான் கையிலிருந்த ரேடியோப் பெட்டியின் விசையைத் தள்ளியபடி வால் துடுப்பு திரும்பியது. எஞ்சினைக் கிளப்பியதும் தானாக வெட்டி வெட்டி ஆடியது. பேட்டரியை மாற்றினோம். அப்போதும் ஆடியது. விமானத்தைப் பிடித்திருந்த என் விரல் தற்செயலாக வாலுக்குப் போகும் கம்பியை அழுத்தியது. ஆட்டம் நின்றது.

"அத்தான், இந்தக் கம்பியப் பிடிச்சா நிக்கி."

குனிந்து பார்த்தார். கம்பியின் வளைந்த நுனி, துடுப்பில் மாட்டியிருந்த இரும்புத் தகட்டின் ஓட்டைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது.

"இரும்பும் இரும்பும் உரசுதுலே. விட்டு விட்டுத் தொடுது, அதான் ரேடியோவுல கரகரப்பு. கப்பல்லயும் துருப்பிடிச்ச கொக்கி ஆடுனா ரேடியோக்காரன் கத்துவான்."

அந்த வாரம் முழுக்க அதே வேலை. தகட்டை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் சோப்பு டப்பாவை அறுத்து மாட்டினோம். உலோகத்தைத் தவிர்க்க முடியாத இடங்களில் தொடுப்பு விட்டுவிடாதபடி இரண்டு பக்கத்தையும் மெல்லிய செம்புக் கம்பியால் இணைத்துப் பற்றவைத்தோம். ஏரியல் வயரைக் கம்பிகளை விட்டு விலக்கி வால் உச்சியில் கட்டினோம். அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"இதுக்கு உக்காருற நேரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்."

"போயி?" என்றார் அத்தான், தலையைத் தூக்காமலே.

அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுபடி உப்பளத்துக்குப் போனோம். எஞ்சின் ஓடியது, துடுப்பு அசையாமல் நின்றது. நான் ஓடி வீசினேன். விமானம் எழும்பிப் பாத்திகளுக்கு மேலே பெரிதாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பியது. "பாத்தியாலே!" என்று கத்தினார். இரண்டாவது சுற்றில், கடல் பக்கம் போனது திரும்பவில்லை. அவர் விசையை இப்படியும் அப்படியும் தள்ளினார். அது நேராகப் போய், தலைகீழாகச் சரிந்து, தூரத்துப் பாத்தியில் விழுந்தது.

உப்புநீரில் இறங்கித் துண்டுகளைப் பொறுக்கி வந்தேன். வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தார். எதுவும் கழன்றிருக்கவில்லை. பற்றவைத்த கம்பி ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

"எல்லாம் சரியாத்தாம்லே இருக்கு," என்றார். காரணம் தெரிந்திருந்தால் திரும்பவும் செய்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"வேற ஒண்ணு வாங்கலாம் அத்தான்."

"யாரு கொண்டு வரப்போறா?"

சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அதன்பின் பகலெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அக்கா ஆஸ்பத்திரிப் பேச்சை எடுப்பதையும் விட்டுவிட்டாள். ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் அவள் கஞ்சி கொண்டுபோய் எழுப்பினாள். அவர் எழுந்திருக்கவே இல்லை.