யமுனா கேட்ட தொப்புள்கொடி

தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்து, வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. திருப்பதியில் ஒரு பிரசவ வார்டில், நிறைமாத வயிற்றோடு, பிறத்தியார் குழந்தையின் தொப்புள்கொடியைக் கேட்டு நின்றாள் யமுனா.

"கொடி எதுக்கும்மா? மந்திரம் கிந்திரம் பண்ணப் போறியா?" என்றாள் வலியோடு படுத்திருந்த பத்மினி.

யமுனா பொறுமையாகச் சொன்னாள். ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய ரத்தக்குழாயில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அது குழாயின் உள்சுவரில் உள்ள உயிரணுக்களை என்ன செய்கிறது என்று ஆராய்வதுதான் அவள் வேலை. அந்த உயிரணுக்களைக் கொடிக்குள் ஓடும் ரத்தக்குழாயிலிருந்து எடுத்து வளர்க்கலாம்.

"உன் புள்ளை கொடியைக் குடுப்பியா நீ?"

பக்கத்துக் கட்டில்கள் சிரித்தன.

"குடுப்பேன்."

"குடுத்துட்டு வா, அப்புறம் கேளு!"

யாருமே கொடுக்கவில்லை. ஆனாலும் விட்டுவிட முடியுமா? நகரியில் விசைத்தறி ஓட்டிய அவள் நைனா தணிகைவேல், ஸ்கேன் எடுத்த அன்று, "மொளகா அரைச்சு ஊத்தினாப்ல எரியுதும்மா!" என்று அலறிய குரல் அவள் நெஞ்சில் அப்படியே இருந்தது. குழாய் புண்ணாகி, மருந்து சதையில் கசிந்து, வலது கை மடங்கியே போயிற்று. அறுந்த இழையை முடிச்சுப் போட முடியாத கை. சிலருக்கு அப்படித்தான் ஆகும் என்றார்கள். ஏன் ஆகும் என்று தெரிந்துகொள்ளாமல் ஓய்வதில்லை என்று அன்றே உறுதி பூண்டவள் யமுனா.

அவளுக்கும் வலி கண்டது. ஆண் பிள்ளை. அறை வாசலில் ஆய்வகத் தோழி பிரித்திகா ஐஸ் பெட்டியோடு நின்றாள். கட்டிலருகே மண்சட்டியைக் கட்டிப்பிடித்தபடி மாமியார் ரத்னம்மா. நஞ்சும் கொடியும் அந்தச் சட்டியில் இருந்தன. பங்காருபாளையத்து வீட்டுக் கொல்லையில் இரண்டையும் சேர்த்துப் புதைக்க வேண்டும்.

"அத்தை, கொடியை மட்டும் குடுங்க."

"மாட்டேன்! என் மவன் பொறந்தப்போ ஆஸ்பத்திரில கொடியைத் தூக்கிப் போட்டுட்டாங்க. இப்போ உன் புருசன் எங்க கீறான்? குவைத்துல! பேரனும் அப்டியே போய்க்கினு இருக்கணுமா?"

"பாதியாவது குடுங்க."

"பாதியைப் புதைச்சா பாதிப் புள்ளைதான் ஊருக்குத் திரும்பும்."

"மீதியை நான் இழுத்துக்கினு வரேன் அத்தை."

ரத்னம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் தணிகைவேல் உள்ளே வந்தார். "பேரனைக் குடும்மா" என்று யமுனாவிடம் ஆசையாகக் கை நீட்டினார். இடது கை நீண்டது. வலது கை மார்போடு ஒட்டியே நின்றது. "பரவால்ல, கண்ணால பாத்தா போதும்" என்று சிரித்தவரின் கண்களில் நீர் பொலபொலவென்று கொட்டியது.

ரத்னம்மா அந்தக் கையையே பார்த்தாள். "இதுக்காகவா இந்தப் பாடு?"

"இந்தக் கை போச்சு அத்தை. இனிமே ஸ்கேனுக்கு வர்ற கைங்களுக்காக."

சட்டியின் மூடி திறந்தது. "எடுத்துக்கினு போங்க. ஆனா வேலை முடிஞ்சதும் மிச்சக் கொடி என் சட்டிக்கு வந்துடணும்." கொடி திரும்பி வரும்வரை அவள் இடத்தை விட்டு நகரவில்லை.

பிள்ளைக்குத் தலை நின்றதும் யமுனா ஆய்வகம் திரும்பினாள். நுண்ணோக்கியில் கண் வைத்தாள். கொடியிலிருந்து பிரித்திகா வளர்த்து வைத்திருந்த உயிரணுக்களில், நைனாவுக்கு ஏற்றிய பழைய மருந்து பட்டவை சுருங்கி, ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவே சந்து விழுந்திருந்தது. நைனாவின் கை இப்படியொரு சந்தில்தானே தொலைந்திருக்கும்! வெளிநாட்டிலிருந்து வரத் தொடங்கியிருந்த புது மருந்தில் பெரும்பாலானவை நெருங்கியே நின்றன. ஆனால் ஒரு கொடியை வைத்து எந்த டாக்டரும் நம்பமாட்டார். இன்னும் கொடிகள் வேண்டும்.

மறுபடியும் பிரசவ வார்டு. மறுபடியும் ஒருத்தி அதையே கேட்டாள்: "உன் புள்ளை கொடியைக் குடுப்பியா?"

யமுனா வாய் திறக்குமுன், பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற ரத்னம்மா முந்திக்கொண்டாள்.

"குடுத்தாச்சு! பாரு, எங்க பையனுக்கு இன்னா கொறைஞ்சு போச்சு? மிச்சத்தை வாங்கிக்கினு போய்ப் புதை. சட்டி நான் தரேன்."