பூக்கட்டிப் பார்த்த ஜப்பான்

போன வாரம் ஒரு சாயங்காலம் எதிர் ஃபிளாட்டில் ஒரே சத்தம். சொத்துத் தகராறோ என்று கதவைத் திறந்தேன். இல்லை... பிரெஞ்சா, ஜெர்மனா என்று தகராறு!

அந்த வீட்டு நிவேதாவுக்கு அடையாறு பக்கம் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. கூடவே ஒரு வெளிநாட்டு மொழி எடுக்க வேண்டுமாம். மறுநாளே சொல்லியாக வேண்டும்.

"பிரெஞ்சுன்னா மார்க்கு அள்ளலாம்" என்றாள் அம்மா சுமதி.

"மார்க்கை வச்சி ஊறுகாயா போடப் போற? ஜெர்மன் படிச்சாத்தான் வேலை" என்றார் அப்பா பாஸ்கர்.

நிவேதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உனக்கு இன்னாடி வேணும்?" என்று நான்தான் கேட்டேன்.

"ஜப்பானீஸ், பெரியம்மா." முணுமுணுப்புத்தான். ஆனால் கண்ணில் தண்ணீர்.

"போச்சுடா!" என்றார் பாஸ்கர்.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவு. கல்யாணத்துக்குக் கட்டுவோம், வீடு வாங்கக் கட்டுவோம் — காலேஜ் பாடத்துக்குமா? கட்டினார்கள். காகிதத்தில் செவ்வரளி மடித்தது ஜெர்மன். நந்தியாவட்டை பிரெஞ்சு.

"படிக்கப் போறவளுக்கு ஒரு பொட்டலம் கிடையாதா?" நான் விடவில்லை. என் வீட்டு சாமிக்கு வாங்கிய சரத்திலிருந்து ரெண்டு மல்லிகை கிள்ளிக் கொடுத்தேன். அது ஜப்பான்.

குலுக்கிப் போட்டாயிற்று. யார் எடுப்பது?

"நீங்களே எடுங்க அக்கா" என்றாள் சுமதி. "நீங்க மூணாங்கிளாஸு. உங்களுக்கு எந்த பாஷை மேலயும் ஆசை இருக்காது."

அப்படியா சேதி? மூணாங்கிளாஸோடு நின்றவள்தான். இந்தப் பத்தியையே எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அதற்காக ஆசையுமா இல்லாமல் போகும்?

கண்ணை மூடிக்கொண்டேன். நிதானமாகக் குனிந்தேன். காகிதத்தில் மடித்தால் மல்லிகை வாசனை எங்கே போய்விடும்?

பிரித்தார்கள். மல்லிகை! நிவேதா குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார்.

பாஸ்கர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமியே சொல்லிடுச்சி. அப்புறம் இன்னா?" மறுநாள் காலை லிஃப்டில் யாரிடமோ போனில் சொல்கிறார்: "இனிமே ஜப்பான்தான் சார். நான் அப்பவே சொன்னேன்!"

பெண்டாட்டியிடம் தோற்க அவருக்கு மனசில்லை. புருஷனிடம் தோற்க அவளுக்கும் இல்லை. மகளிடம்? கேட்கவே வேண்டாம். சாமியிடம் என்றால் மட்டும்... ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே தோற்கிறார்கள்!

இதை அவர்கள் படித்துவிட்டால் என்ன ஆகும் என்கிறீர்களா?

படிக்கட்டுமே — ஃபீஸ் கட்டியாகிவிட்டது!