துரிஞ்சாபுரம் ரயிலும் மாமியாரின் விபூதியும்

இன்று நாத்தனாரோடு ரயிலில் துரிஞ்சாபுரத்தைக் கடக்கும்போது பழைய ரகசியத்தை உளறிவிட்டேன்.

எண்பதுகளில், கல்யாணமான புதிது. திருவண்ணாமலையில் கூட்டுக் குடும்பம், கண்டிப்பான மாமனார். நானும் என் கணவரும் தனியாக இரண்டு வார்த்தை பேச முடியாது.

கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பாசஞ்சர் ரயிலேறி துரிஞ்சாபுரத்தில் இறங்குவோம். மல்லாட்டைக் கொல்லை வரப்புகளில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே பேசிக்கொண்டே நடப்போம்.

வீடு திரும்பினால் வாசலிலேயே மாமியார் எங்கள் நெற்றியில் விபூதி பூசிவிடுவார். பக்தி முற்றிப்போச்சு என்று நினைத்துக்கொள்வேன்.

நாத்தனார் சிரித்தார். "அம்மாவுக்கு அப்பவே தெரியும் அண்ணி. கோயிலுக்குப் போனவங்க வெறும் நெத்தியோட வந்தா அப்பா கேப்பாருனுதான் பூசிவிட்டாங்க."

மாமியாரைக் கிண்டலடித்து நான் இங்கே போட்ட பதிவுகளையெல்லாம் மொத்தமாக அழிப்பது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.