நாலு அங்குல ஃபோம்

வேகமான கார்களைப் பற்றிப் பேச வந்தால் எல்லோரும் இன்ஜினில் தொடங்குவார்கள். நான் சீட்டில்தான் தொடங்குவேன். என் பிழைப்பு அதில்தான் ஓடியது. தான் வேலை பார்த்த மில் மூடியதும் என் வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நான் தெரிந்த தையலை நம்பி சாரம் கடைத்தெருவில் ஒரு குஷன் கடை போட்டேன். ஆட்டோ சீட், பைக் சீட், எப்போதாவது ஒரு கார். முதல் வருடம் பொம்பளை தைக்கிற கடை என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். தையல் பிரியவில்லை என்று தெரிந்தபிறகு வேலையும் வந்தது.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் ஒருநாள் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. உயரம் என் நெஞ்சுக்குக்கூட வரவில்லை. ஸ்டியரிங் இடது பக்கம். ஓட்டி வந்தவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய சொல்தா, அதாவது பட்டாளக்காரர், எழுபது வயதிருக்கும். முசியே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்தக் காரை பிரான்சில் பந்தயத்தில் ஓடுவதற்கென்றே செய்தார்களாம், பிறகுதான் நம்பர் பலகை மாட்டித் தெருவில் விட்டார்களாம். அதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்த எனக்குப் பாவமாக இருந்தது. தரையில் கம்பளம் கிடையாது. கதவு வெறும் தகரம், இழுத்துச் சாத்த ஒரு தோல் வார். சீட் என்பது ஒரு தகடு, அதன்மேல் அடை கனத்துக்கு ஒரு மெத்தை. அதுவும் ஓரத்தில் கிழிந்திருந்தது.

"இந்தக் கிழிசல மட்டும் தச்சு வைம்மா. பிரான்சுக்குப் போயிட்டு ரெண்டு மாசத்துல வந்துடுவேன்," என்றார்.

அவர் சொன்னதோடு நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வண்டியைத் தகரம் தெரியத் திருப்பிக் கொடுப்பது கேவலம். புதுக் கார் வாங்கியவர்கூட முதலில் கோயிலுக்குப் போவார், அடுத்து எங்களிடம்தான் வருவார். பெரிய மனுஷர் நம்பி விட்டுப்போன வண்டி, அதை அப்படியேவா கொடுப்பது? தரை முழுக்கச் சத்தம் அடக்கும் ஷீட் ஒட்டி, அதன்மேல் கம்பளம் விரித்தேன். கதவுகளை ரெக்சினால் மூடினேன். பழைய மெத்தைகளைப் பிய்த்து எறிந்துவிட்டு, இரண்டு சீட்டிலும் நாலு அங்குல ஃபோம் வைத்து, கருஞ்சிவப்பு ரெக்சினில் வெள்ளை நூலால் கட்டம் போட்டுத் தைத்தேன். அவ்வளவு அழகாக அதற்கு முன்னும் பின்னும் நான் தைத்ததில்லை. அதை இன்றும் சொல்வேன்.

திரும்பி வந்தவர் கதவைத் திறந்து, மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு, "ரொம்ப அழகா இருக்குதும்மா," என்றார். அடுத்தவர் முகம் வாடும்படி பேசத் தெரியாத மனுஷர். ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு காலை, அரியாங்குப்பம் தாண்டி வீராம்பட்டினம் போகும் சாலையில், ஒரு வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கி, வண்டி சுழன்று, தென்னந்தோப்புக்குள் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. காற்றில் வந்து கிடந்த மணல்தான் காரணம் என்றார்கள். ஆனால் அவர் ஞாயிறு தவறாமல் போகும் சாலை அது. அந்த மணலும் அவருக்குப் புதிதல்ல.

மூன்று வாரம் கழித்து, நசுங்கிய இடத்தையெல்லாம் தட்டி எடுத்தபிறகு, கதவு ரெக்சின் கிழிந்திருக்கிறது என்று எனக்கு ஆள் வந்தது. போனேன். சென்னையில் இருக்கும் அவர் மகளும் மருமகனும் வந்திருந்தார்கள்.

"பப்பா இனிமே ஓட்டக் கூடாது. வித்துடறோம். பத்து நாள்ல வாங்கறவர் பாக்க வர்றார், அதுக்குள்ள சரிபண்ணிக் குடுங்க," என்றார் மகள்.

முசியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அவ சொல்றது சரிதாம்மா. வண்டி பின்னாடி வழுக்குதுன்னா முன்னெல்லாம் இடுப்புல தெரிஞ்சுடும். அன்னைக்கு ஒண்ணுமே தெரியல. என்னான்னு பாக்கறதுக்குள்ள தோப்புல நிக்கறேன். உடம்பு மரத்துப் போச்சு."

தையல் மிஷினை நான் வெறுங்காலால்தான் மிதிப்பேன். செருப்போடு மிதித்தால் ஊசி என்ன வேகத்தில் போகிறது என்று காலுக்குத் தெரியாது. விரலில் ஏறியபிறகுதான் தெரியும். இந்த மனுஷருக்கு நான் நாலு அங்குலத்தில் ஒரு செருப்பை மாட்டிவிட்டிருந்தேன். அது உடனே புரிந்தது. ஆனாலும் எதையும் ஒப்புக்கொள்ளாமல் கதவை அளந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வாய மூடிக்கினு இரு," என்றார். "உன் சீட்டாலதான் கார் தோப்புக்குள்ள போச்சுன்னு ஒரு பேச்சு கெளம்பினா ஆட்டோக்காரன்கூட நம்ம கடைய எட்டிப் பாக்க மாட்டான்." அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. என் தப்பை அவர் தன் உடம்பின்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவே இல்லை. கடை போனால் போகட்டும் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மகள் நம்பவில்லை. "பப்பா மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க," என்றார். மருமகன் சிரித்தார். வாசலில் நின்ற தன் புதுக் காரைக் காட்டி, "என் சீட்டு நீங்க தச்சதவிட மெத்து. அதே ரோட்டுல அதே வளைவுல நான் வேகமாவே போறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே," என்றார்.

"என்னை ஏத்திக்கினு போங்க சார். பாத்துடலாம்," என்றேன்.

போனோம். பொய் சொல்லக் கூடாது, அந்தக் கார் எனக்குப் பிடித்திருந்தது. முசியேயின் கார் அதோடு போட்டி போட்டால் கிட்டக்கூட வராது. மிதித்த மாத்திரத்தில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் சத்தமே இல்லை; முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் வேகம் தெரிந்தது. அந்த வளைவில் மணல்மேல் ஏறியபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கியது. அவ்வளவுதான், வண்டி தன் பாட்டுக்குப் போயிற்று.

"இப்ப லைட் எரிஞ்சுதே, அது என்னா சார்?"

"வழுக்கினா வண்டியே கண்டுபிடிச்சு எந்தச் சக்கரத்துக்கு வேணுமோ அதுக்கு மட்டும் பிரேக் போட்டுக்கும்."

"அப்ப இப்ப வழுக்குச்சா?"

அவர் யோசித்தார். "வழுக்கியிருக்கும்."

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அவர் அந்த விளக்கு மினுக்கிய இடத்தைப் பார்த்தார்.

"உங்க வண்டில வண்டி பாத்துக்குது சார். அவர் வண்டில அவரேதான் பாத்துக்கணும். அதுக்குத்தான் தகட்டுமேல உக்கார வச்சிருக்காங்க. நான் போய் நடுவுல மெத்தை போட்டுட்டேன்."

திரும்பி வந்ததும் மருமகனே தன் மனைவியிடம், வாங்குகிறவர் வரும்வரை இந்த அம்மா செய்வதைச் செய்யட்டும் என்றார். காரைக் கடைக்குக் கொண்டுவந்து, அன்றே பிரிக்க உட்கார்ந்தேன். ஒட்டுவதற்கு இரண்டு நாள் ஆனது. பிய்ப்பதற்கு ஐந்து நாள். பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்து, இரும்புப் பட்டையால் சுரண்டி, தரையில் தகரம் தெரியும்வரை விடவில்லை. விரல் கணுவெல்லாம் தோல் உரிந்தது. பக்கத்துக் கடைக்காரர், "நல்லா இருந்தத ஏம்மா நாசம் பண்ற?" என்று கேட்டார். நாசம் பண்ணியது அப்போதுதான், இது ரிப்பேர் என்றேன். என் தையலை நானே பிளேடால் அறுத்தபோது அழுகை வந்தது. நிறுத்தவில்லை.

பழைய மெத்தை போய்விட்டது. புதிதாகச் செய்ய அளவு வேண்டும். முசியே உட்கார மாட்டேன் என்றார். "ஓட்டச் சொல்லல. ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்கற மாதிரி ஒரு நிமிஷம் உக்காருங்க," என்று விடாமல் கேட்டு வெறும் தகட்டில் உட்காரவைத்தேன். இடுப்பும் தோளும் எங்கே அழுந்துகின்றன என்று சாக்பீசால் கோடு போட்டேன். அழுந்தும் இடத்தில் அரை அங்குலம், மற்ற இடத்தில் துணி மட்டும். கட்டமும் இல்லை, வெள்ளை நூலும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை கார் அவர் வீட்டு வாசலில் நின்றது. "ஒரே ஒரு வாட்டி. அப்புறம் வித்தா வித்துக்குங்க," என்றேன்.

"ஏதாவது ஆச்சுன்னா?" என்றார் மகள்.

"நானும் பக்கத்துல உக்காந்துக்கினு போறேன். தச்சவ நான்தானே. தப்பா இருந்தா அடி எனக்கும் படட்டும்."

முசியே என்னைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். ஆற்றுப் பாலம் தாண்டும்வரை மாட்டு வண்டி வேகம்தான். இன்ஜின் சத்தம் என் பல்லில் அதிர்ந்தது; சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் என் முதுகெலும்புக்கு வந்து சேர்ந்தது. அரியாங்குப்பம் தாண்டியதும் கொஞ்சம் மிதித்தார். வளைவு வந்தது. மணல் இருந்தது. என் இடுப்புக்குக் கீழே ஏதோ பக்கவாட்டில் நகர்ந்தது. நான் கத்துவதற்குள் அவர் கை ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒரு விரற்கடை திருப்பி மறுபடி நேராக்கியிருந்தது. தென்னந்தோப்பு பின்னால் போய்விட்டது.

"தெரிஞ்சுதா முசியே?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கடற்கரையில் திருப்பிக்கொண்டு, அதே வளைவை இன்னொரு முறை, முன்னைவிட வேகமாக எடுத்தார்.

வீட்டு வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கினேன். முசியே இன்ஜினை நிறுத்தவில்லை, இறங்கவும் இல்லை. கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னார், மகளுக்கும் கேட்டது:

"ஒரு மாசமா நான் கிழவனாயிட்டேன்னு நம்பிக்கினு இருந்தேம்மா."

மகள் காரைச் சுற்றி வந்து, நான் இறங்கிய சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவின் வாரைப் பிடித்து இழுத்துச் சாத்திக்கொண்டார்.