ட்ரில்லில் இருக்கும் மாப்பிள்ளை

ட்ரில் என்று ஒரு துணி இருப்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ட்ரில் ஒன்றுதான். விசில் ஊதினால் வரிசையாக நின்று இடது, வலது என்று காலைத் தூக்கி வைப்பது. அதனால்தான் தெருமுனை இஸ்திரிக்காரி என் சின்ன மகளுக்கு வரன் கொண்டுவந்து, பையன் ட்ரில்லில் இருக்கிறான், தங்கமான குணம் என்றதும், என் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

என் வீட்டுக்காரர் போன பிறகு என் இரண்டு பெண்களுக்கும் அண்ணன்தான் தகப்பன் ஸ்தானம். அவர் தலையாட்டாமல் எங்கள் வீட்டில் கல்யாணம் நடக்காது. இளவயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது மார்பளவு போதவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் காக்கியைக் கண்டால், தபால்காரர் ஆனாலும் சரி, முதுகை நிமிர்த்திக்கொள்வார்.

நான் அப்படி இல்லை. தங்கம் என்றால் உரசிப் பார்ப்பேன். காரணமும் இருந்தது. மூத்தவளுக்குப் பார்த்தபோது பையன் சொந்தத் தொழில் செய்கிறான் என்றார்கள். அண்ணனும் சந்தோஷமாக முடித்து வைத்தார். அந்தத் தொழில் சீட்டாட்டம் என்பது அவள் போய்க் குடித்தனம் வைத்த பிறகுதான் தெரிந்தது. பெட்டியோடு திரும்பி வந்தவள் இப்போது என் பக்கத்திலேயே படுக்கிறாள். இரண்டாவது பெட்டி வைக்க என் வீட்டில் இடமில்லை, மனசிலும் இல்லை.

பையன் தன் அக்காவோடு வந்தான். தாய் தகப்பன் இல்லை, அக்காதான் வளர்த்தாளாம். காக்கிக் கால்சட்டை போட்டிருந்தான். மடிப்பில் கைபட்டால் ரத்தம் வரும் போலிருந்தது. டீயைக் கையில் கொடுத்ததும் அண்ணன் விசாரணையைத் தொடங்கினார்.

"ட்ரில்லு கஷ்டமா இருக்குமே தம்பி?"

"மொதல்ல வெறப்பா நிக்குங்க. போகப் போக எளகிடும்."

"கால்தான் பெரும்பாடு, இல்ல?"

"காலுதாங்க எல்லாமே. ரெண்டும் ஒண்ணு போல வரணும். கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் மாஸ்டர் ஒத்துக்க மாட்டாரு."

"எத்தன பேரு?"

"வரிசைக்குப் பன்னெண்டு பேருங்க."

"தப்புப் பண்ணிட்டா?"

"பிரிச்சிடுவாருங்க."

அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பிரித்து மேய்ந்துவிடுவாராம், கேட்டாயா என்று என்னைப் பார்த்தார். சமையலறையில் சின்னவளும் எதற்கோ சிரித்தது காதில் விழுந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் பாதத்தைப் பார்த்துவிட்டேன். நாளெல்லாம் நடக்கிறவன் பாதம் தலையணை மாதிரி இருக்குமா? இடது கைச் சுட்டுவிரல் நகத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. முழங்காலில் நூல் துணுக்கு. எல்லாவற்றையும்விட, அவன் கண் போன இடம் சரியில்லை. பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்க்க வேண்டும், இல்லை தரையைப் பார்க்க வேண்டும். இவன் என் அண்ணனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமன் இடுப்பில் இவனுக்கு என்ன வேலை?

அவர்கள் போனதும் இதைச் சொன்னேன். உனக்கு நிழலைக் கண்டாலும் திருடன்தான் என்றார் அண்ணன். சின்னவள் வாயைத் திறக்கவில்லை. அதையும் மனசில் குறித்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு அவன் குடியிருக்கும் சந்து முனையில் போய் நின்றேன். வந்தான். அதே காக்கிக் கால்சட்டை. பின்னாலேயே போனேன். அவன் நின்றால் நான் வெங்காயம் விலை கேட்டேன். அவன் நடந்தால் வெங்காயம் அழுகல் என்று சொல்லிவிட்டு நடந்தேன். மைதானம் பக்கம் திரும்புவான் என்று பார்த்தால் திரும்பவில்லை. போலீஸ் குடியிருப்பையும் தாண்டிவிட்டான். மரக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நுழைந்துவிட்டான். வாசலில் பலகை இருந்தது. எழுத்துத் தெரியாத எனக்கு அது பலகை மட்டும்தான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

தையல் மெஷின்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பக்கத்தில் மலை மலையாகக் காக்கித் துணி. பட்டாளத்துச் சரக்கைத் திருடி வந்து அடையாளம் தெரியாமல் மாற்றித் தைக்கிறார்கள், என் பெண்ணைக் கட்டப் போகிறவன் நேராக ஜெயிலுக்குப் போகப் போகிறான் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

கழுத்தில் அளவு நாடா தொங்க ஒருவர் வெளியே வந்து, யாரம்மா வேண்டும் என்றார். கட்டிங் மாஸ்டராம். நான் விட்டுக் கொடுக்கவில்லை.

"இங்க ட்ரில்லு எங்க நடக்குது?"

"ட்ரில்லு எங்கம்மா நடக்கும்? அத நாங்க தெச்சு அனுப்புனா, போட்டுக்கிட்டவங்க நடப்பாங்க."

உள்ளே நாலு பேர் சிரித்தார்கள். பையன் தலையைத் தூக்கிப் பார்த்து, என்னைக் கண்டு, மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். மரக்கடைச் சுவரோரம் நிற்க வைத்து உலுக்கி எடுத்தேன். பொய் சொல்லிப் பெண் கேட்டாயா, இந்தத் துணி யார் வீட்டுச் சொத்து என்றேன். அவன் பதறவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பழகிய திருடனும் பதற மாட்டானே.

ட்ரில் என்பது இந்தத் துணியின் பேர்தான் என்று பொறுமையாகச் சொன்னான். வெயிலுக்கும் முள்ளுக்கும் மண்ணுக்கும் தாங்கட்டும் என்று பட்டாளத்துக்காக நெய்ததாம். சேவகம் முடித்து வீடு திரும்பியவர்கள் அதையே போட்டுக்கொண்டு வயலுக்கும் பட்டறைக்கும் போக, கிழியாததைப் பார்த்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்களாம். இப்போது மில்லில் காசு கொடுத்தால் யாருக்கும் தருவார்களாம். இவர்கள் தைப்பது லாரி ஓட்டுகிறவனுக்கும், குழாய் ரிப்பேர் செய்கிறவனுக்கும், ஆபீஸ் போகிறவனுக்கும்.

"அப்போ எங்க அண்ணன் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"அவரு கேட்டதுக்கெல்லாம் சொன்னேங்க. நடுவுல எனக்கும் ஒரு சந்தேகம் வந்துச்சு, இவரு வேற எதையோ கேக்குறாரோன்னு. அப்போ உள்ள உங்க பொண்ணு சிரிச்சாங்க. சரி, வீட்டுல புரிஞ்சிருக்குன்னு விட்டுட்டேன்."

வெட்டில் விழுந்த ஒரு துண்டுத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் இழுத்துப் பார்த்தேன், பல்லால் கடித்துப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் போட்டுத் தேய்த்தேன். துணியில் சாய்வாக ஓடும் நெசவு வரி கொஞ்சம்கூட விலகவில்லை. ஆனாலும் கிழியாத துணியைத் தைக்கிறவன் கிழியாத மனுஷனாக இருப்பான் என்று யார் எழுதிக் கொடுத்தது? சந்தேகம் இப்போது சின்னவள் பக்கம் திரும்பியது. துணியை அவள் மடியில் போட்டேன்.

"உனக்குத் தெரியுமாடி?"

"அவரு பேசினது பூராவும் பேன்ட்டும்மா. வெறப்பா நிக்கும், காலு ஒண்ணு போல வரணும், பிரிச்சிடுவாருன்னா வேற என்ன? தையல் கிளாஸுக்கு என்னை அனுப்பினதே நீதானே."

"தெரிஞ்சும் ஏன்டி வாய மூடிக்கிட்டு இருந்தே?"

"சொல்லியிருந்தா மாமா அப்பவே எந்திரிச்சு வாசலக் காட்டியிருப்பாரு. அவரு ஒரு கேள்விக்குக்கூடப் பொய் சொல்லலம்மா. மாமாதான் ஒரு கேள்வியக்கூட ஒழுங்காக் கேக்கல."

அவளுக்குப் பிடித்துவிட்டது என்று புரிந்தது. வேலை செய்கிற கையை நானும் கண்ணால் பார்த்துவிட்டேன். சீட்டைப் பிடிக்கிற கை இல்லை அது. இனி அண்ணன் ஒருவர்தான் பாக்கி.

விஷயத்தைச் சொன்னதும் அவர் குதித்தார். தையல்காரனுக்கா என் மருமகளைக் கொடுப்பேன், நம்மை முட்டாளாக்கிவிட்டான் என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, மூத்தவ விஷயத்துல நீ கேக்காம விட்டே. இப்போ கேட்டும் வெளங்காம விட்டேன்னு நீயே ஊருக்குச் சொல்லப் போறியா? ட்ரில்லுன்னா துணின்னு ஒனக்கு அன்னிக்கே தெரியும். தொழில் தெரிஞ்சவனான்னு பாக்கத்தான் அப்படி மடக்கி மடக்கிக் கேட்டே. இல்லியா?"

அவர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

"காலப் பத்திக் கேட்டேன் பாரு," என்றார், "அங்கதான் ஆள எட போட்டேன்."

அடுத்த மாதம் கல்யாணம் முடிந்தது.

மருமகன் இப்போது தனியாக ஒரு அறை பிடித்துத் தைக்கிறான். வெட்டுவதற்கு முன் துணியை ஊறப்போட்டு, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகுதான் கத்தரி வைப்பான். ஒரே துணிச் சுருளில்தான் இரண்டு காலையும் வெட்டுவான். சுருள் மாறினால் சாயம் மாறிவிடுமாம். மூட்டை தூக்குகிறவர்கள் வருகிறார்கள், மூக்குக்கண்ணாடி போட்டவர்களும் வருகிறார்கள். பேச்சு மட்டும் வளரவே இல்லை. கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. அப்படி வாயைக் கட்டி வைத்திருக்கும் ஆம்பிளையை முழுசாக நம்ப என்னால் முடியாது. சின்னவள் வீட்டுக்குச் சொல்லாமல்தான் போவேன். நல்லா இருக்கியா என்று கேட்பேன். இருக்கேன் என்பாள். மூடி வைத்த பாத்திரத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.